கொஞ்சம் நில்லுங்க, வந்துடறேன்

மின்சார வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வேலையிலிருந்த ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்துக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து நிறுத்தத்துக்குள் போய் நின்றார். பதினோரு வருடம் நான்கு மாதம் கழித்து வெளியே வந்தார். உள்ளே போன அன்று மழை. பேருந்து வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. உள்ளே ஒரு ஆள் காக்கி உடுப்பில், தோளில் நீளமான பழைய துப்பாக்கியோடு, கடலைப் பார்த்து நின்றிருந்தான். ஏதோ வங்கியின் காவலாளி என்று இவர் நினைத்தார். அந்த ஆள் தலையைத் திருப்பாமலே, "கொஞ்சம் நில்லுங்க, வந்துடறேன்" என்றான். இவர் "சரி" என்றார். யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த ஆள் மழையில் இறங்கி, சுமையை இறக்கிவைத்தவன் மாதிரி தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து கடைகளின் பக்கம் போனான். அவன்மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை என்று எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரர் பின்னால் சொன்னார். பேருந்து வந்தது, நடத்துநர் விசில் ஊதினார், ரீடிங்காரர் காலைத் தூக்கிப் பார்த்தார். வரவில்லை.

அந்த நிறுத்தம் நிறுத்தமாகக் கட்டப்பட்டதல்ல. எழுபது வருடத்துக்கு முன்னால் எதிரி கடல் வழியாக வருவான் என்று ராணுவம் இந்த ஊருக்கு வந்து இரண்டரை வருடம் தங்கியிருந்தது. எதிரி வரவில்லை. ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் லாரிகளில் ஏறிப் போய்விட்டார்கள். போகிற அவசரத்தில், போட்ட உத்தரவுகளை ரத்து செய்ய மறந்துவிட்டார்கள். அதனால் அந்த உத்தரவுகள் அப்படியே இருக்கின்றன. வெடிமருந்துக் கிடங்காக இருந்த கட்டடத்தில் இப்போது பாலர் பள்ளி நடக்கிறது. அதற்குள் எந்தத் தீக்குச்சியும் பற்றாது, ஆயாம்மா வெளியே வந்துதான் அடுப்பு மூட்ட வேண்டும். மீன் ஏலம் விடும் வட்டத் தரை பீரங்கி சுழன்ற மேடை; ஏலக்காரர் வடக்கே பார்த்துச் சத்தம் போட்டால் குரல் நான்கு மைல் போகும், தெற்கே பார்த்தால் பக்கத்திலிருப்பவனுக்கே கேட்காது. நிலவில்லாத ஐந்து நாட்களில் கடலைப் பார்த்த ஜன்னல்களின் விளக்கு தானாக மங்கிவிடும். அந்த ஐந்து நாளும் வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. கைத்தடி நீளத்துக்குத் தடிமனான சுவரும், கடல் பக்கம் கண் மட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கிடைமட்டமாக ஒரு இடுக்கும் வைத்த ஏழாம் எண் காவல் கூண்டுக்குத்தான், நகராட்சி சாலைப்பக்கச் சுவரை இடித்து, பெஞ்சு கட்டி, பேருந்து நேரப் பலகை மாட்டியிருந்தது.

மனைவிக்கு ஒன்பது மணிக்குத் தகவல் போனது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவள். சாணைச் சக்கரத்தில் வில்லையின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்துக்குப் பொருத்தும் வேலை. கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க இது, வாங்க."

"வர முடியல. ஒருத்தர் நிக்கச் சொல்லிட்டுப் போயிருக்கார். வந்ததும் வந்துடறேன்."

"யாரு அவரு?"

"தெரியல. வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்."

அவர் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். மதியம் நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். துறைமுகத்திலிருந்து கிரேன் வந்து இடுப்பில் பட்டை கட்டி இழுத்ததில் கிரேனின் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது, அவர் எழும்பவில்லை. மருத்துவர் ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். வலிக்கிறதா என்றதற்கு இல்லை என்றார். பசிக்கிறதா என்றதற்கு, "தெரியல, குடுத்தா சாப்பிடுவேன்" என்றார். தூக்கம் வரவில்லை, குளிர் தெரியவில்லை, கால் கடுக்கவில்லை. கண் மட்டும் கடலைவிட்டு அகலவில்லை. தினமும் நான்கு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்ததும், யாரும் கேட்காமலே, "கப்பல் எதுவும் இல்ல" என்று உரக்கச் சொல்வார். ஒரு வருடம் கழித்து மீனவர்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வலையை மடித்தார்கள்.

வாரியம் முதலில் அதை மருத்துவ விடுப்பாக எழுதியது, பிறகு அனுமதியில்லாத விடுப்பாக எழுதியது. கடைசியில், தினமும் ஒரே இடத்தில் தவறாமல் நிற்கும் ஊழியரை வேறு எப்படிக் காட்டுவது என்று தெரியாமல், 'வெளிப்பணி' என்று எழுதிக்கொண்டது.

மகளுக்கு அப்போது நான்கு வயது. பள்ளி விட்டதும் கூண்டுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவாள். அவர் கடலைப் பார்த்தபடியே வாய்ப்பாடு சொல்லித் தருவார். குரல் கேட்கும், முகம் தெரியாது. அவர் முகத்தைப் பார்க்கும் வழியை முதலில் கண்டுபிடித்தது அந்தக் குழந்தைதான். ஒருநாள் வெளியே மணலில் இறங்கி, மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி, இடுக்குக்கு நேரே போய் நின்றாள். முதல் வருடம் அவருக்கு அவள் தலைமுடி மட்டும் தெரிந்தது. அடுத்து நெற்றி. ஆறு வயதில் கண்கள். ஒன்பது வயதில் பெட்டி தேவைப்படவில்லை. அவர் மகள் வளர்ந்ததை ஒரு சாண் ஒரு சாணாகத்தான் பார்த்தார்.

மூன்றாவது வருடம் மனைவி, ராணுவத்தின் பழைய பதிவேடுகள் இருக்கும் அலுவலகத்துக்கு ரயில் ஏறிப் போனாள். அங்கே ஒரு குமாஸ்தா இரண்டு நாள் தேடி ஒரு நோட்டை எடுத்து வந்தார். ஏழாம் எண் காவல், நேரம் எழுதியிருந்தது, 'மாற்று' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அந்தப் படைப்பிரிவையே கலைச்சாச்சும்மா. உத்தரவு போட ஆளில்ல."

"அப்ப அவர் அங்கயே நிக்கணுமா?"

குமாஸ்தா நிலை உத்தரவுகளைப் புரட்டிப் படித்தார். "உத்தரவு வேண்டாம்போல. மாற்று வந்து, நான் நிக்கறேன்னு வாயால சொல்லி ஏத்துக்கிட்டா போதும். அவர் போகலாம். யாருன்னு போடல. யார் வேணா இருக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா யாரும்மா சொல்லுவா?"

அவர் சொன்னது சரியாக இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அந்தக் குடும்பத்தின்மேல் இரக்கம் இருந்தது. இரக்கத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் அன்றிலிருந்து கூண்டுக்குப் பக்கத்தில் யாரும் 'நான்' என்று பேச்சைத் தொடங்குவதில்லை. பேருந்துக்கு வெயிலிலும் மழையிலும் வெளியிலேயே நின்றார்கள். ரீடிங்காரரின் அண்ணன் மட்டும் வெளியூரிலிருந்து வந்து, தம்பியின் முன்னால் போய் நின்று, வாயைத் திறந்தார். அரைமணி நேரம் திறந்தபடியே நின்றார். பிறகு திரும்பி, "ஏம்மா, எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க" என்றார். அவள் "தெரியும் மாமா, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளாலேயே சொல்ல முடியாதபோது அவரை என்ன சொல்வது. அவள் நின்றுவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது.

காலையில் சாப்பாட்டு டப்பா, பிறகு கடை, மாலையில் டப்பாவைத் திரும்ப வாங்குவது, சலவை, பாடம், அடுத்த நாள் காலையில் டப்பா. ஏழாம் வருடத்தில் ஒருநாள் டப்பாவை நீட்டும்போது கேட்டாள்.

"என் மேல ஏதாவது நெனப்பு இருக்கா உங்களுக்கு?"

அவர் மீட்டரைப் பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "இருக்கணும். இருக்கற எடம் தெரியுது. உள்ள ஒண்ணும் ஓடல."

"சரி, ஆறிடப் போகுது, சாப்பிடுங்க" என்றாள். தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்து, கடைக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டாள்.

மகளுக்குப் பதினைந்து வயது முடிந்த கோடையில் ஒரு மதியம், அவள் கடைக்கு வந்து கல்லாவின்மேல் சாய்ந்துகொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்கிற தொனியில் சொன்னாள்.

"அம்மா, நான் போய் நிக்கட்டுமா? பரீட்சை முடிஞ்சிருச்சு. சும்மாதானே இருக்கேன்."

தாய் தலைமை ஆசிரியரின் கண்ணாடிக்கு வலது வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தை நிறுத்தினாள். "வீட்ல போய் இரு. துணி காய்ஞ்சிருக்கும், எடு" என்றாள். மகள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கடற்கரைச் சாலைக்கு நடந்தாள்.

"நகருங்க" என்றாள். "நான் நிக்கறேன்."

அவர் கால் தரையைவிட்டு எழும்பியது. பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் அதற்குள் கடலைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

முதல் இரண்டு நாள் அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் குளியலறையில் வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது: பதினோரு வருடத்துப் பசி, கால்வலி, தூக்கம், மூன்றாம் வருடம் இறந்துபோன தாயார். மகள் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றிருந்தாள். வெளியே வந்ததும் நேரே கூண்டுக்குப் போனார்.

"போதும், நீ வா. நான் நிக்கறேன்."

மாற்று வந்தால் மட்டும் போதாது, நிற்பவரும் விட வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. "இருக்கட்டும்" என்றாள் அவள், நகரவில்லை.

"உன்னைத் தனியா விட்டுட்டு நின்னது எனக்கு இப்பதான் உறைக்குது."

"எனக்கு இப்ப ஒண்ணும் உறைக்கல. அதுக்குத்தான் நிக்கறேன்."

தினமும் போனார், தினமும் அதே பதில். நாளைக்கு என்ன சமைப்பது, சோப்பு இருக்கிறதா, மகளின் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பதினோரு வருடம் ஓயாமல் ஓடிய தலைக்குள் இப்போது கடல் மட்டும் இருந்தது. அவள் அதை விட்டுத்தர மறுத்தாள். அவர் அடுப்பைக் கற்றுக்கொண்டார், இரண்டு பாத்திரங்களைக் கருக்கினார், பள்ளியில் போய்க் கையெழுத்துப் போட்டார், டப்பா கொண்டுவந்தார். மகள் மணலில் இறங்கி இடுக்கின் எதிரே நின்று அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள், ஒரு படகைப் பார்ப்பதைப்போல. மகள் அதன்பிறகு ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

இதற்கிடையில் கடையில் வேலை தேங்கியது. ஊரில் நாற்பத்து மூன்று பேருக்குக் கண்ணாடி இல்லை. தபால்காரர் தெரு மாற்றிக் கடிதம் போட்டார். தலைமை ஆசிரியர் ஒரு நாள் முழுக்கத் தவறான வகுப்பில் பாடம் நடத்தினார்; மாணவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்தோராம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடை முதலாளி கூண்டுக்கு வந்தார். தலைக்கு மேலே வேலை இருந்ததால் அவருக்குப் பயப்பட நேரமில்லை.

"ரெண்டு மணி நேரம் நான் நிக்கறேன். ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு வந்துடு. வேற ஆளைத் தேய்க்கச் சொன்னேன், ஓரம் கெட்டுடும்னு தொட மாட்டேங்கறான்."

"எந்தப் பக்கம் விட்டேன்?"

"வலது. மேல் ஓரம்."

"அதை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள். கணவர் தினமும் கெஞ்சியும், மகள் எதிரே வந்து நின்றும் நடக்காதது ஒரு வில்லையின் மேல் ஓரத்தால் நடந்தது. இதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடையில் சக்கரத்தைச் சுழற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டு, வில்லையை வைத்தாள். தண்ணீர் சில்லென்றிருந்தது. பழக்கம் விட்டுப்போனதால் விரல்நுனி சக்கரத்தில் பட்டுக் கீறியது. வலித்தது. அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டனுப்பினாள். மகள் வந்ததும், "ஒரு வாரமா ஏன் வரல?" என்று கேட்டாள். தாய் ஈரக்கையோடு அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்று அந்த ஒரு கண்ணாடியைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை.

மாலைவரை முதலாளி நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்ட தலைமை ஆசிரியர், தன்னால்தானே அவர் நிற்கிறார் என்று சங்கடப்பட்டு, போய் மாற்றினார். அவரைத் தபால்காரர் மாற்றினார். தபால்காரரை, செய்தி கேட்டு ஊருக்கு வந்த ரீடிங்காரரின் அண்ணன் மாற்றினார். இம்முறை அவர் வாயைத் திறந்ததும் சொல் வந்துவிட்டது. திரும்பி வந்து, "இவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மாதக் கடைசிக்குள் கண்ணாடிக் கடையின் சுவரில் முறை அட்டவணை ஒட்டியாயிற்று. ஆளுக்கு இரண்டு மணி நேரம். கணவனும் மனைவியும் தங்கள் முறை போக மற்ற நேரம் வீட்டிலிருந்தார்கள். முதல் சில வாரம் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் உப்பைப் பற்றி ஏதோ சொன்னார், அவள் மறுத்தாள், அங்கிருந்து பேச்சு தொடங்கியது.

வீட்டில் சாவு விழுந்தவர்கள் முறையில்லாத நாளிலும் வந்து கேட்டு வாங்கி நிற்பதுண்டு. அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான். அதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் விடுவதில்லை. அந்த நேரம் முடியும்போது ரீடிங்காரரின் மனைவியே நேரில் வந்து நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஆறு வருடத்துக்கு முன் சாலையை அகலப்படுத்தினார்கள். நான்கு நாள் இடித்துக் கூண்டை அகற்றினார்கள், கல் மட்டும்தான் போனது. கடைசிச் சுவர் விழுந்தபோது உள்ளே முறையிலிருந்த ஐஸ் வண்டிக்காரர் தூசிக்குள்ளிருந்து, "நாலு மணி ஆச்சு, கப்பல் எதுவும் இல்ல" என்றார். இப்போது அந்த இடம் சாலையின் நடுவில் இருக்கிறது. எப்போதும் ஒருவர் கடலைப் பார்த்து நிற்கிறார். வீடு வாடகைக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தோடு முறை நாளையும் சொல்லிவிடுகிறார்கள். பேருந்து ஓட்டுநர்களுக்கும் முதல் நாளே சொல்லப்படும்: அங்கே கொஞ்சம் இடது பக்கம் ஒடித்துப் போக வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது.