ஞாபகமில்லாத கணினியும் ஒரு கெட்டிமேளமும்

குணேஸ்வரி அக்காவின் கலியாணத்துக்கு மேளகாரர் வரமாட்டார்கள் என்பது சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிய அன்றே தெரிந்துவிட்டது. ஊரில் மிஞ்சியிருந்த கோஷ்டியை அதே முகூர்த்தத்துக்கு வேறொருவர் முந்திப் பிடித்துவிட்டார். ஒலிபெருக்கிக்காரர் பாக்கியரத்தினத்திடம் ஒரு நாதஸ்வரக் கசற் இருந்தது. ஊர்த் தாலிகளையெல்லாம் கண்ட கசற். சரியாகக் கெட்டிமேளம் வரும் இடத்தில் நாடா கசங்கி, ஆடு கத்துவது போலக் கேட்டது.

"கெட்டிமேளம் இல்லாமல் என்ர பிள்ளைக்குத் தாலி ஏறாது" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டாள். அதற்கு மேல் அவளோடு கதைக்க ஏலாது.

கனடாவிலிருந்த அண்ணன் ஆனந்தராசா தொலைபேசியில் சிரித்தான். "இதுக்கோ இவ்வளவு கதை? இங்க இன்ரநெற்றில பாட்டு விக்கிற கடை இருக்கு. நான் வாங்கிவிட்டன். பூரணி போய் இறக்கி எடுத்தால் சரி."

பூரணி குணேஸ்வரிக்கு இளையவள். பள்ளிக்கூடத்தை விட்ட நாள்முதல் வீட்டின் வெளிவேலையெல்லாம் அவள் தலையில்தான். லிங்கநகரிலிருந்து சைக்கிள் மிதித்து, துறைமுகப் பக்கம் ஸைனுலாப்தீன் நானா நடத்தும் இன்ரநெற் கடைக்குப் போனாள். அண்ணனின் கடவுச்சொல்லைக் கொடுத்ததும், "இந்தக் கணினிக்கு அனுமதி கொடுக்கவா?" என்று கேட்டது. கொடுத்தாள். பாட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கணினியில் நன்றாகவே ஒலித்தது. சீடியில் பாட்டாக எழுதப்போனால் மட்டும், இந்தப் பாட்டுக்கு அந்த உரிமை இல்லை என்றது. பாட்டிருந்த கோப்பை வெறும் கோப்பாகவே ஒரு சீடியில் பிரதியெடுத்துப் பாக்கியரத்தினத்திடம் கொண்டுபோனாள். அவருடைய பெட்டி சீடியை உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது.

"இதுக்குள்ள ஒண்டும் இல்லைப் பிள்ளை."

"இருக்கு அண்ணை. பூட்டி வச்சிருக்கினம்."

"வாங்கின சாமானையோ?"

"ஓம்."

"அப்ப கொண்ணன் வாங்கினது பாட்டை இல்லை, பூட்டை."

மறுநாள் வேறு வழி ஏதும் உண்டா பார்க்கலாமென்று அதே கடையில், அதே கதிரையில் போய் இருந்தாள். நேற்று இறக்கிய பாட்டைக் காணவில்லை. மறுபடி அனுமதி, மறுபடி சொட்டுச் சொட்டு. பாதியில் கரண்ட் போனது. அதற்கடுத்த நாள் போனால் திரையில் புதிய வசனம்: இந்தக் கணக்குக்குரிய கணினிகளின் தொகை நிரம்பிவிட்டது.

"நானா, நான் இந்த ஒரு மெஷின்லதானே இருக்கிறன். ஒவ்வொரு நாளும் புது மெஷின் எண்டு சொல்லுது."

ஸைனுலாப்தீன் குரலைத் தாழ்த்தினார். "புதுசுதான் தங்கச்சி. ராவில நிப்பாட்டினா எல்லாம் அழிஞ்சுபோற மாதிரித்தான் வச்சிரிக்கேன். செக்கிங்குக்கு வாறவன் ஆர் என்னத்தப் பாத்த எண்டு தோண்டுவான். மெஷினுக்கு ஞாபகம் இருந்தா எனக்குத்தான் கரச்சல்."

பூரணிக்குத் தலையிடித்தது. பாட்டுக் கடைக்காரனோ கணினி தன்னை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்கிறான். இங்கே ஞாபகம் வைத்திருக்கிற கணினி கடையையே மூடவைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அக்காவின் தாலி.

அண்ணன் அந்தக் கொம்பனிக்கு எழுதினான். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வந்தது.

"என்ர பொறுமையை ஆர் இவைக்குக் குடுத்தது?" என்றாள் பூரணி.

கடைசியில் அண்ணன் தன் வீட்டுக் கணினிகளுக்குக் கொடுத்த அனுமதியை எல்லாம் ரத்துச் செய்தான். "இனி இந்த வருசத்துக்கு இப்பிடிச் செய்ய விடமாட்டாங்களாம். பிழை விட்டிடாதை."

விடிந்தால் கலியாணம். பூரணி பாக்கியரத்தினத்தின் ரேப் ரெக்கோடரை இரவல் வாங்கி, சைக்கிள் கூடைக்குள் துவாயால் சுற்றிக் கொண்டுபோனாள். பாட்டை இறக்கி, கணினியின் ஸ்பீக்கரோடு ரெக்கோடரை ஒட்டிவைத்துச் சிவப்புப் பொத்தானை அமத்தினாள். கடையிலிருந்தவர்களிடம் வாயைத் திறக்கவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஒருவரும் இருமக்கூட இல்லை. நாதஸ்வரம் ஏறி, தவில் முறுகி, கெட்டிமேளம் பிடித்த நேரத்தில் வாசலில் நேவி ட்ரக் வந்து நின்றது.

"எல்லாரும் ஐசிய எடுங்கோ" என்றார் ஸைனுலாப்தீன், உரத்து.

பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கையால் அடையாள அட்டையை நீட்டினாள். மறுகையை ரெக்கோடரிலிருந்து எடுக்கவில்லை. சோதனை முடிந்ததும் நேவிக்காரர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கடையைப் பூட்டுவித்தார்கள். விடிந்தால் அந்தக் கணினிக்கு அவளையும் தெரியாது, பாட்டையும் தெரியாது.

"அண்ணை, மேளம் பிடிச்ச உடன ஒரு ஆளின்ர குரல் வரும். அதில மட்டும் சத்தத்தைக் குறையுங்கோ" என்று காலையில் பாக்கியரத்தினத்திடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"ஓமோம். என்னட்டை விடு."

முகூர்த்தம் வந்தது. சபை முழுவதும் தூவுவதற்கு அறுகரிசியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ஐயர் கையைத் தூக்கிக் காட்டினார். நாதஸ்வரம் ஏறியது. பூரணி பாக்கியரத்தினத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஆனால் தாலி என்றால் சத்தத்தைக் கூட்டியே பழகிய கை அது. அவரைக் கேளாமல் குமிழைக் கடைசிவரை திருகியது.

"எல்லாரும் ஐசிய எடுங்கோ."

லிங்கநகர் முழுக்கக் கேட்டது. சபையில் வலது கைகள் அறுகரிசியோடு அப்படியே நிற்க, இடது கைகள் சேட்டுப் பைகளுக்கும் கைப்பைகளுக்கும் போயின. பெரியப்பா தன் அட்டையை எடுத்து நீட்டியேவிட்டார். நீட்டிய பிறகுதான் எதிரில் நிற்பது ஐயர் என்று கண்டார். மாப்பிள்ளையின் கையும் தாலியோடு ஒரு கணம் தடுமாறியது.

"நீங்கள் கட்டுங்கோ" என்றாள் அக்கா, குனிந்த தலை நிமிராமல். "என்ர ஐசிய நேற்றே பாத்திட்டாங்கள்."

மாப்பிள்ளை முடிச்சைப் போட்டார். கெட்டிமேளம் முழங்கியது. அறுகரிசி பிந்தித்தான் விழுந்தது.

பூரணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு கையில் அடையாள அட்டையைப் பிடித்தபடி, மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேளம் நல்ல மேளம்" என்றாள். "ஆர் அந்த மனிசன், இடையில?"