கிணற்றில் இல்லாத ஈயம்

ஷாஹீனுக்கு எதிலும் அவசரம். ஆராய்ச்சி செய்யும் பெண்ணுக்கு ஆகாத குணம் இது என்று யாராவது சொன்னால் முறைப்பாள்.

தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று காட்டும் சென்சார் செய்வதுதான் அவள் வேலை. பிசைந்த மாவில் விரலை அழுத்தி எடுத்தால் குழி நிற்குமல்லவா, அதுபோல ஒரு பாலிமரை ஈயத்தை உள்ளே வைத்தே செய்து, பிறகு அமிலத்தில் கழுவி ஈயத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். மிஞ்சும் குழிகளில் ஈயம்தான் சரியாகப் பொருந்தும். தண்ணீரில் ஈயம் இருந்தால் அங்கே வந்து உட்காரும், மீட்டரில் எண் ஏறும்.

தான் செய்த சென்சாரை முதலில் தன் தெருக் கிணற்றில்தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும், பிரியாணிக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற தெரு அது. அந்தத் தண்ணீரில் வைத்ததும் எண் மளமளவென்று ஏறியது. வேறொரு லேபுக்கும் தண்ணீரை அனுப்பினாள்; அங்கே பதில் வர மாதக்கணக்காகும். அந்தப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாளா? "இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க, ஈயம் இருக்குது" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

கிணற்றை ஒட்டி பக்ருதீனின் பேட்டரி ரிப்பேர் கடை. ஈயம் என்றால் பேட்டரி. அதற்கு மேல் யாருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை. எதிர்வீட்டு ரோஷன் பீவியின் மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. அதற்கும் அன்றே காரணம் கிடைத்துவிட்டது.

பக்ருதீன் சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. மனிதர் நம்பிவிட்டார். கடையை மூடினார். அந்த வருடம் அவருக்கு ஹஜ் பயணத்துக்கு இடம் கிடைத்திருந்தது. புறப்படும் முன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். அவர் முதலில் ரோஷன் பீவி வீட்டு வாசலில்தான் போய் நின்றார்.

"தெரியாம நடந்துபோச்சும்மா. மன்னிச்சிடு."

"எம்புள்ள அம்மான்னு ஒரு தடவ கூப்பிடட்டும் மாமா. அப்பறம் பாக்கலாம்."

"இந்தப் பாரத்தத் தூக்கிக்கினு அங்க எப்படிப் போயி நிக்கறது?" என்று பக்ருதீன் பயணத்தையே ரத்து செய்துவிட்டார்.

ஹஜ் விமானங்கள் எல்லாம் போன பிறகு லேபின் பதில் வந்தது. தண்ணீரில் ஈயம் இல்லை. ஷாஹீன் முதலில் அந்த லேபைத்தான் திட்டினாள். பிறகு தன் சென்சாரை ஈயமே இல்லாத காய்ச்சி வடித்த நீரில் வைத்தாள். அதிலும் எண் ஏறியது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை அது. கிணற்றில் பார்க்கத் துடித்த அவசரத்தில் அமிலத்தில் கழுவுவதை முன்னதாகவே நிறுத்தியிருந்தாள். அவளே போட்ட ஈயம்தான் குழிகளில் மிஞ்சி, கசிந்து, எண்ணை ஏற்றியிருக்கிறது.

நேரே பக்ருதீன் வீட்டுக்குப் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்போ அந்தப் புள்ளைக்கு என்னால ஒண்ணும் ஆகலியா?"

"இல்ல மாமா. உங்களால ஒண்ணுமே ஆகல."

"அல்ஹம்துலில்லாஹ்." கிழவர் முகம் மலர்ந்து, கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான். மூடிய கடை, போகாத பயணம், தெருவில் தலைகுனிந்து நடந்த மாதங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் ஷாஹீனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"தெருவுல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன் மாமா. ரோஷன் அக்காகிட்டயும் சொல்றேன். என்ன மன்னிச்சிடுங்க."

பக்ருதீன் வாயைத் திறந்தார்.

"மன்னிக்கணும்னுதாம்மா பாக்கறேன்" என்றார். "வாயில வர மாட்டேங்குது. நீ இன்னொரு நாள் வா."