ஒரு சுற்று அதிகம்

1

இந்தக் கதை என் அக்காவின் போன் அழைப்பில் பிறந்தது. “இதையும் எழுதித் தொலைச்சிடாதடா” என்றுதான் அவள் பேச்சையே தொடங்கினாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: பெரிய வீட்டின் கூடத்தில், தங்க விளிம்பும் ஊஞ்சலாடும் பெண்ணின் ஓவியமுமாக, பழைய பிரெஞ்சுப் பீங்கான் ஜாடி ஒன்று...

(வேண்டாம். விற்கப்போகிறவன் பேச்சு மாதிரி இருக்கிறது.)

2

அந்த ஜாடி ஒரே துண்டில்லை. உடல் தனி, பாதம் தனி. நடுவே ஒரு கம்பி, அடியில் நட்டு.* அந்த வீட்டில் வேலை செய்யும் அக்கா, துடைக்கும்போது அது ஆடியதைப் போய் அத்தானிடம் சொன்னாள். அத்தான் ஃபிட்டர். ஆடுகிற எதையும் அவரால் சும்மா விட முடியாது. எங்கள் வீட்டு நாற்காலிகள் அவரைக் கண்டாலே நடுங்கும்.

ஸ்பேனரோடு கூடத்துக்கே வந்துவிட்டார். “ஒரு சுத்துதான்.”

“வேணாங்க, இது இரும்பில்ல.”

“நட்டு நட்டுதானேடி?”

டிக்.

ஆட்டம் நின்றது. தங்கப் பூச்சுக்குக் கீழே, பாதத்தைச் சுற்றி, மயிரிழையாய் ஒரு விரிசல்.

* பீங்கானுக்குக் கொஞ்சம் ஆட்டம் வேண்டுமென்றே விட்டிருந்தார்களாம். பிறகு விசாரித்தேன். பிறகு விசாரித்து என்ன புண்ணியம்?

3

அத்தானை மடையனாக எழுதி, பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். மனுஷன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

முடிவு ஒன்று: அக்கா சொல்லிவிடுகிறாள். அவர்கள் குடியிருப்பதும் அந்த வீட்டுப் பின்னறையில்தான். வேலை போனால் கூரையும் போகும்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. ஆனால் விருந்தாளி வந்தால் வீட்டுக்கார அம்மா அந்த ஜாடியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக் காட்டுவார். வயதானவர், கைத் தோல் காகிதம் மாதிரி. உடைந்த பீங்கானோ கத்தி.

4

போன் அடிக்கிறது.

“விருந்தாளிங்க வந்துட்டாங்கடா. அம்மா ஜாடியத் தூக்கப் போறாங்க. நான் என்ன பண்ண?”

பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நான். அங்கே யாரோ சிரிக்கிறார்கள். “கிட்ட வந்து பாருங்க, என்னமா வரைஞ்சிருக்கான்!” இது அந்த அம்மாவின் குரல்.

“சொல்லேன்டா!”

நான் சொல்லவில்லை. பயம். அக்காவுக்கும் பயம்தான், அவள் மூச்சு எனக்குக் கேட்கிறது. ஆனாலும் வாயைத் திறந்துவிட்டாள்.

“அம்மா...”

[இதற்கு மேல் என்னால் முடியாது. அடுத்த சொல்லை நீங்கள் எழுதுங்கள். அக்கா காத்திருப்பாள். அந்த அம்மாவின் கைகள் மட்டும் ஏற்கனவே ஜாடியை]