பயணத் தள்ளுபடிப் பலகை

பூட்டுக்கடைக்காரர் எதையும் எழுதிவைக்காமல் விட்டவரில்லை. எந்த ஆணியில் எந்தச் சாவி தொங்குகிறது, எந்தப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாள் ஆயிற்று, எல்லாம் கோடு போட்ட நோட்டில் முத்து முத்தாக இருக்கும். ஆள் வருவதுதான் குறைந்துபோயிருந்தது. நல்ல பூட்டு வாங்கியவன் இருபது வருஷத்துக்கு அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அதுவரை அவர் விற்றதெல்லாம் நல்ல பூட்டு.

கடைக் கட்டடம் மாமனாருடையது. அவர் கண்ணை மூடியபின் அது பூட்டுக்கடைக்காரரின் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் பொதுவாயிற்று. தம்பிக்குக் கடையின் முன்பாதிமேல் ஒரு கண். அங்கே செல்போன் உறை விற்கவேண்டுமாம்.

"அத்தான், நீங்க பூட்டை உள்ளே தள்ளி வெச்சுக்குங்க. பூட்டு வேணும்கிறவன் தேடி வருவான். உறை அப்படியில்ல, கண்ணுல பட்டாதான் வாங்குவான்."

"உள்பாதில ஜன்னல்கூட இல்ல மாப்ளே. சாவி வெட்டுற மிஷினை வெச்சா நான் நிக்க இடமிருக்காது."

"இப்ப மட்டும் என்ன, வர்றவங்க நிக்க இடமில்லாமலா தவிக்கிறாங்க?"

அக்காக்காரி நடுவில் புகுந்து ஒரு தவணை வாங்கிக்கொடுத்தாள். பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஏதாவது ஒரே நாளில் ஐம்பது பேர் அந்தப் படி ஏறவேண்டும். ஏறினால் தம்பி அதற்குப்பிறகு வாயே திறக்கக்கூடாது. ஏறாவிட்டால் முன்பாதி அவனுக்கு.

"எட்டிப் பார்த்துட்டுப் போறவங்க கணக்குல வரமாட்டாங்க. கையில பூட்டு இருக்கணும்" என்று கறாராகச் சொன்ன தம்பி, போகும்போது பெருந்தன்மையாக ஒரு புத்தகமும் கொடுத்துவிட்டுப் போனான். சின்னக் கடைகளுக்கு வாடிக்கையாளரை இழுப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம்.

பூட்டுக்கடைக்காரர் அதை ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டுப் படித்தார். காலத்துக்கு ஏற்ற சலுகை கொடு. வாங்குகிறவரைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள். வாங்கிப்போனவர்களை நாலு பேர் பார்க்கும்படி காட்டு. மூன்றுமே குற்றம் சொல்லமுடியாத யோசனைகள். வேறு யாராவது என்றால் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டிருப்பார்கள். இவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

விடுமுறைக் காலம், ஊரில் பாதிப்பேர் பயணம் கிளம்புகிறார்கள். ஆகவே பயணம் போகிறவர்களுக்கு நடுத்தரப் பூட்டு ஒன்று தள்ளுபடி விலையில். எங்கே போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று சொன்னால் போதும். அதை அவரே ஒரு பெரிய பலகையில் எழுதி வாசலில் வைப்பார். தினமும் காலை ஒன்பது மணிக்குத் திருத்தமும் உண்டு.

முதல் வரி மச்சினன் வீட்டுக்கு. உறை கொள்முதலுக்காக இருபதாம் தேதி முதல் நாலு நாள் குடும்பத்தோடு வெளியூர். தன் வியாபாரப் பயணம் பலகை ஏறியதில் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டான். இரண்டாவது வரி இப்படி இருந்தது: "மூன்றாவது தெரு, பச்சைக் கேட் வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியரும் துணைவியாரும். மகள் வீட்டுக்கு, ஐந்தாம் தேதி காலை முதல் பதினான்காம் தேதி மாலை வரை. முன்கதவு: பழைய பூட்டு, உறுதியானது. பின்கதவு: நம்மிடம் வாங்கியது, நடுத்தரம். பயணம் இனிதாக வாழ்த்துகள்."

மூன்று வாரத்தில் அறுபத்திரண்டு வீடுகள் ஆயின. போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். அவரவர் தங்கள் வரியைத்தான் படித்தார்கள், அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் நாளுக்கு ஐந்தாறு பேருக்குமேல் படி ஏறவில்லை. மச்சினன் மட்டும் தினமும் வந்து டேப்பால் முன்பாதியை அளந்துவிட்டுப் போனான், நேற்றைக்கு இன்றைக்கு அகலம் கூடியிருக்குமோ என்பதுபோல.

பதினெட்டாம் தேதி ஒருவன் வந்து பலகை முன்னால் அரைமணி நேரம் நின்று எழுதிக்கொண்டான். இப்படி ஆர்வமுள்ள ஆளைப் பூட்டுக்கடைக்காரர் பார்த்ததில்லை. நாற்காலி போட்டார். பாதியில் பேனா மக்கர் பண்ணியபோது தன் பேனாவையே கொடுத்தார். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"அவன் என்ன பூட்டு வாங்கினான்?"

"ஒண்ணும் வாங்கல. எல்லா வரியையும் எழுதிக்கிட்டான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எல்லா வரியையுமா? யார் வீட்டுல எப்ப ஆள் இல்ல, எந்தக் கதவுல சின்னப் பூட்டுன்னு?"

பூட்டுக்கடைக்காரர் பாதிச் சோற்றோடு எழுந்தார். கையைக் கழுவினாரோ இல்லையோ, ஓடிப்போய்ப் பலகையைத் திருப்பி வைத்தார். பிறகு நோட்டை எடுத்து அறுபத்திரண்டு எண்களுக்கும் ஒன்றுவிடாமல் போன் போட்டார், மச்சினன் மட்டும் எடுக்கவில்லை. நடந்ததை மறைக்கவில்லை. "பழைய பூட்டைக் கொண்டுவாங்க, புதுசு தர்றேன், விலை வேண்டாம்" என்று எடுத்தவர்கள் எல்லாரிடமும் ஒரே வாக்கியமாகச் சொன்னார்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே கூட்டம். பயந்து ஓடிவந்தவர்கள் பேசுகிற பேச்சில் மரியாதையை எதிர்பார்க்கமுடியாது.

"நீ பூட்டு விக்கிறவனாய்யா, இல்ல திருடனுக்குத் தரகனா?"

பச்சைக் கேட் வீட்டு ஆசிரியர் பின்கதவுப் பூட்டை மேஜைமேல் டொக்கென்று வைத்தார். "நடுத்தரம்னு எழுதியிருந்தீங்களே, அது நடுத்தரம்னு எனக்கே அதைப் படிச்சப்புறம்தான்யா தெரிஞ்சுது!"

பூட்டுக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு புதுப்பூட்டை நீட்டினார். கை தன் பழக்கத்தில் நோட்டைத் திறந்தது. பேனா மூடி கழன்ற சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

"இப்ப என்ன எழுதப்போறீங்க?" என்றார் ஆசிரியர்.

பூட்டுக்கடைக்காரர் பேனாவை மூடினார். அன்று யார் வந்தார்கள், எதைக் கொண்டுபோனார்கள் என்று ஒரு எழுத்தும் எழுதவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாள் அவருக்குக் கழிந்ததில்லை.

மாலையில் கூட்டம் வடிந்தபின் மச்சினன் டேப்போடு வந்தான். "ஐம்பதைத் தாண்டிருச்சாமே? நோட்டைக் காட்டுங்க பார்ப்போம்."

"எழுதல மாப்ளே."

"நீங்களா எழுதல?" அவன் முகம் மலர்ந்தது.

"ஆளுக்கு ஒண்ணாதான்டா கொண்டுவந்தாங்க. பழைய பூட்டை எண்ணேன்" என்றாள் அக்கா.

மேஜைமேல் கொட்டிக்கிடந்ததை அவன் மூன்று தடவை எண்ணினான். மூன்று தடவையும் நாற்பத்தொன்பது.

"எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு அத்தான். ஆனா பேச்சுன்னா பேச்சுதான்" என்று டேப்பை இழுத்தான்.

அக்கா ஒவ்வொரு பூட்டாக எடுத்து அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்தாள். "நாளைக்குத் தேதி இருபதுதானே? நீ கிளம்பறல்ல?"

"ஆமா, காலையில. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பலகையில முதல் வரி யாருதுன்னு யோசிச்சேன்."

டேப் சர்ரென்று சுருண்டு அவன் விரலைக் கடித்தது. விரலை உதறிக்கொண்டே இறங்கிப் போனான். கால்மணி நேரத்தில் திரும்பிவந்தபோது மூச்சு வாங்கியது. படியில் ஒரு கணம் தயங்கினான். அக்காவைப் பார்த்தான், அக்கா படியைப் பார்த்தாள். ஏறினான். கையில் பூட்டு இருந்தது.

அலமாரியில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பூட்டுக்கடைக்காரர் அதைத் துணியால் துடைத்து, இரண்டு தரம் பூட்டித் திறந்து காட்டி, அவன் கையில் வைத்தார்.

"உறுதியானதுதானே அத்தான்?"

"கவலையே படாதீங்க மாப்ளே" என்றார் அவர், காலி அலமாரியைப் பார்த்தபடி. "இன்னிக்குக் கொடுத்தது அம்பதும் அப்படிப்பட்ட பூட்டு. இன்னும் இருபது வருஷத்துக்கு ஒருத்தரும் இந்தப் பக்கம் வரவேண்டியதில்ல."