துணைக்கு ஆர்?

"பிரவீனா!"

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி நாகேந்திரம் வாசலில் நின்று கூப்பிட்டார். லொட்ஜ் அறையின் தரையில் இருந்த பிள்ளை சோடா மூடிகளைப் பால்மா டின்னுக்குள் போட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பவில்லை.

"இன்னும் பழக்கேல்லையோ தங்கச்சி? ஏயார்போர்ட்டில பேர் கேட்டா இப்பிடியே இருப்பா?"

அவர் கொண்டுவந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளில் ஒன்று வேறொரு தாயுடையது, மற்றது அவள் மகளுடையது. மகளின் பேர் பிரவீனா. அந்தப் பேருக்குப் பிள்ளையைப் பழக்கிவிட்டால் தாய் கனகேஸ்வரி அவளோடு கனடாவுக்கு, புருஷனிடம் போய்விடலாம்.

புருஷன் யோகநாதன் கனடா போனபோது பிள்ளை வயிற்றில் இருந்தாள். பேர் வைப்பது தகப்பன் வீட்டு உரிமை. எண் சாத்திரம் பார்த்து ஒரு பேர் அனுப்புவதாகச் சொன்னவன், எப்படியும் பாஸ்போர்ட்டில் வருகிற பேர்தானே என்று பிறகு விட்டுவிட்டான். பிறப்புப் பதிவில் பேருக்கான இடம் வெறுமையாகவே கிடந்தது. லொட்ஜில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுக்கோ புறக்கோட்டைக் கடைகளுக்கோ கனகேஸ்வரி வெளிக்கிடும்போதெல்லாம் லொட்ஜ்காரி ஐறீன் அக்கா கேட்பா: "தனியவோ போறீர்? துணைக்கு ஆர்?" அவள் இடுப்பில் இருந்ததைக் காட்டுவாள். "இந்தா, துணை." பகிடிதான். லொட்ஜ் முழுக்க 'துணை' என்பதே பிள்ளையின் பேராகிவிட்டது. ஒருநாள் சோதனைச்சாவடியில் மறித்து விசாரித்தபோது, தோளில் தூங்கிய அந்தப் பாரம்தான் அவளை நேராக நிறுத்தியது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேரைப் பகிடியாகச் சொல்லவில்லை.

நாகேந்திரம் ஒரு டொபியை நீட்டினார். "பிரவீனா ஆர்?"

பிள்ளை டொபியைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். "நான்."

"கெட்டிக்காரி!"

கனகேஸ்வரிக்கு அறையில் தான் மட்டும் மிஞ்சியதுபோல் இருந்தது. 'துணை' என்று மெல்லக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பாமல் டொபித் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, பாஸ்போர்ட்டுகளைக் கொண்டுபோங்கோ. இவளின்ர அப்பா முறையா ஸ்பொன்சர் பண்ணி எங்களைக் கூப்பிடட்டும்."

"விசரே உமக்கு? வருசக்கணக்கா எடுக்கும்."

"எடுக்கட்டும். அவரோட நான் கதைக்கிறன்."

அவர் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். கனகேஸ்வரி முகம் கழுவி, நல்ல சேலையொன்றை எடுத்துக் கட்டினாள். கீழே ஐறீன் அக்கா கதிரையில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தா.

"எங்க, இந்த வெயிலுக்க?"

"பிள்ளைக்குப் பேர் பதிய."

"தனியவோ?"

கனகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். மேலே படிகளில் மூடிகள் குலுங்கும் சத்தம் கேட்டது. டின்னை நெஞ்சோடு அணைத்தபடி, செருப்பைக் கால்மாறிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் துணை இறங்கி வந்துகொண்டிருந்தாள்.