மணல்மேட்டில் மாஸ்டரின் மனைவி

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் கார் ஓடத் தெரிந்த தமிழர்களில் பாதிப் பேராவது யேசுரட்ணத்திடம் ஓடப் பழகியிருப்பார்கள். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. பழகுகிறவர் பக்கத்தில் அமர்ந்து, தன் காலடியில் பூட்டிய இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை இலேசாக வைத்துக்கொண்டு, "பரவாயில்லைப் பிள்ளை, திரும்ப ஒருக்காச் செய்வம்" என்பார். பிள்ளை நடைபாதையில் ஏற்றினாலும் குரல் உயராது. அந்தப் பொறுமை வீட்டு வாசலோடு நின்றுவிடும் என்பது அவர் மனைவி இம்மாகுலேற்றுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

கலியாணமாகி லண்டன் வந்த புதிதில் அவளுக்கும் ஓடப் பழக்கத்தான் அவர் தொடங்கினார். மூன்றாவது பாடத்தில், ஒரு ரவுண்டபௌட்டின் நடுவில் கார் நின்றுவிட்டது. அன்று மாஸ்டர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் வந்த பஸ்காரன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். இம்மாகுலேற் பெல்ட்டைக் கழற்றினாள், கதவைத் திறந்தாள், காரை அங்கேயே விட்டுவிட்டு ட்ராம் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு பஸ், ட்ராம், இல்லாவிட்டால் மாஸ்டர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. போகவர நேரடி பஸ் இருந்தது. குறையென்று அவள் யாரிடமும் சொன்னதுமில்லை.

இப்படி இருக்கையில்தான் மாதா கோயில் சபையைச் சேர்ந்த மேரிசாந்தி, பெப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு ஒரு கூட்டத்தை டுபாய்க்கு அழைத்துப் போவதாக அறிவித்தாள். இம்மாகுலேற் மாஸ்டரைக் கேட்காமலேயே இரண்டு பேரையும் பதிந்துவிட்டாள்.

"டுபாயா? அங்கை ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஒருத்தருக்கும் இல்லை. செத்த வீடும் இல்லை. சும்மா போறம்."

சும்மா போவது என்றால் என்ன என்று அவருக்குப் பிடிபட ஒரு கிழமை எடுத்தது.

புறப்படுவதற்கு முன் மேரிசாந்தி எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு வரச்சொன்னாள். பாலைவனச் சவாரிதான் பயணத்தின் பெரிய நாள். அதைப்பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் அங்கே போய்த் தன் உயிரை எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பாமாவும், பாமாவின் கணவர் வாசுதேவனும் ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்திருந்தார்கள். இருவரும் திருச்சிக்காரர்கள்.

"மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிடாதேங்கோ," என்று தொடங்கினாள் மேரிசாந்தி. "ஜீப் மணல்மேட்டிலை ஏறி விழேக்கை குடல் வாய்க்கு வந்திட்டுப் போகும். வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற ஆக்கள் முதலே குளிசை போடுங்கோ. பின்னேரம் குளிரும், ஸ்வெற்றர் கொண்டுவாங்கோ."

"பாலைவனத்துக்கு ஸ்வெட்டரா?" என்றார் வாசுதேவன்.

"ஓம் அண்ணா. பொழுது பட்டா எங்கடை மிச்சம் மாதிரித்தான். பேந்து, ஒட்டகம் எழும்பேக்கை பின்னங்கால்தான் முதல் எழும்பும். பின்னாலை சாஞ்சு இருக்காட்டி தலைகீழா விழுவியள். மணலுக்கை இறங்க முதல் ரயருக்குக் காத்துத் திறந்து விடுவினம். ஜீப் பழுதாப் போச்செண்டு பயப்படாதேங்கோ."

மாஸ்டர் எழுந்து நின்றார். "காத்துக் குறைஞ்ச ரயரோடை ஓடுறது குற்றம்."

"றோட்டிலை குற்றம் அண்ணை. அங்கை றோட்டே இல்லை."

றோட்டே இல்லாத இடத்தில் என்ன ஓட்டம் என்று முணுமுணுத்தபடி அவர் அமர்ந்தார். சைவச் சாப்பாடு தனி மேசையில் இருக்குமா, அகப்பையும் தனியாக இருக்குமா என்று வாசுதேவன் கேட்டு முடிக்கத் தேநீர் வந்துவிட்டது. இம்மாகுலேற் எதுவும் கேட்கவில்லை. குடல் வாய்க்கு வந்துவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடிக்கும்போலிருந்தது.

டுபாயில் அவர்களுக்கு வாய்த்த ஜீப்பை ஓட்டியவன் நௌஷாத். பாலக்காட்டுக்காரன்; தமிழும் மலையாளமும் கலந்து பேசினான். மாஸ்டர், "நான் ட்ரைவிங் இன்ஸ்ரக்ரர்" என்று சொல்லிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். நௌஷாத் மரியாதையாகத் தலையசைத்தான். நடு இருக்கையில் இம்மாகுலேற், பாமா, வாசுதேவன். பின்னால் மேரிசாந்தி.

நெடுஞ்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வரிசையாக ஜீப்புகள் நின்றன. எல்லா ரயர்களிலிருந்தும் புஸ்ஸென்று காற்றுப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் இறங்கி நான்கு ரயர்களையும் சுற்றிப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கப் போனவர்போல முகம்.

"சாரே, பேடிக்கண்டா, பயப்படவேண்டாம்," என்றான் நௌஷாத். "டயர் பரந்து கிடந்தாத்தான் மணல்ல புதையாது."

பிறகு ஜீப் மணலில் இறங்கியது. முதல் மேட்டில் மூக்கை வானத்துக்குத் தூக்கியபடி ஏறி, உச்சியில் ஒரு கணம் எதுவுமே தெரியாமல் நின்று, அப்படியே பக்கவாட்டில் சறுக்கி விழுந்தது. கண்ணாடி முழுக்க மணல். பாமா "ஐயோ, பெருமாளே" என்று கத்தி இம்மாகுலேற்றின் கையைப் பிடித்தாள். வாசுதேவன் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டரோ வலது காலால் காலடியை ஓங்கி மிதித்தார். அடுத்த மேட்டில் இன்னும் ஓங்கி மிதித்தார். மிதியடி சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விட்டது.

"சாரே, அங்க பிரேக் இல்லா," என்றான் நௌஷாத்.

"தெரியும்!" என்றார் மாஸ்டர். மறுபடியும் மிதித்தார்.

இம்மாகுலேற்றுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கிப் பார்த்தாள். ஜீப் அடுத்த பள்ளத்தில் விழுந்தபோது அது வாய்விட்டு வெளியே வந்துவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. வயிறு மேலே போனது, கீழே வந்தது, ஒவ்வொரு முறையும், "இன்னொருக்கா, தம்பி!" என்று கத்தினாள். தன் குரலா அது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பின்னாலிருந்து மேரிசாந்தியும் சேர்ந்துகொண்டாள்.

முகாமுக்குச் சற்று முன்னால் ஜீப் நின்றபோது மாஸ்டரின் முகம் வெளிறிப் போயிருந்தது. கதவைத் திறந்து இறங்கி, மணலில் குந்திக் கொஞ்ச நேரம் இருந்தார். வாந்திக்கான குளிசை வேண்டாம் என்று காலையில் மறுத்தவர் அவர்.

அங்கேதான் பக்கி வண்டிகள் நின்றன. இரும்புக் குழாயால் கூடு கட்டி, இரண்டு இருக்கை போட்ட மணல் வண்டி. கிளச்சும் இல்லை, கியரும் இல்லை. ஜோடிக்கு ஒரு வண்டி என்று மேரிசாந்தி லண்டனிலேயே பதிந்திருந்தாள். தன் வண்டியைத் தான் ஓடிக் காட்டப்போவதாக மாஸ்டர் விமானத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆனால் அங்கே நின்ற வழிகாட்டி அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தலைசுற்றுகிறவர் ஓட்ட முடியாது, வேண்டுமானால் பக்கத்தில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டான்.

"அப்ப எங்கடை வண்டி?" என்றார் மாஸ்டர்.

"இம்மா ஓடட்டும்," என்றாள் மேரிசாந்தி.

"இவவுக்கு லைசென்ஸ் இல்லை."

லைசென்ஸ் தேவையில்லை, இது தனியார் இடம் என்றான் வழிகாட்டி. ஹெல்மெட்டும் மணற்கண்ணாடியும் போட்டு, தனக்குப் பின்னால் வந்தால் போதும். ஒன்றே ஒன்றுதான்: மேட்டில் ஏறும்போது பாதியில் காலை எடுக்கக்கூடாது, எடுத்தால் வண்டி புதைந்துவிடும்.

எல்லோரும் இம்மாகுலேற்றைப் பார்த்தார்கள். "எனக்கு ஏலாது" என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்த ரவுண்டபௌட் ஞாபகம் வந்தது. ஆனால் வயிற்றில் இன்னும் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தது.

"ஹெல்மெட்டைத் தாங்கோ," என்றாள்.

மாஸ்டர் அவளைத் தனியே விடவில்லை. தலைசுற்றலோடு எழுந்து வந்து பக்கத்து இருக்கையில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். "நான் சொல்லுற மாதிரிச் செய்யும். முதல் மெல்லமா..."

அவள் மிதித்தாள். இயந்திரம் போட்ட சத்தத்தில் அவர் சொன்ன மிச்சம் காற்றோடு போய்விட்டது.

முன்னால் வழிகாட்டியின் வண்டி, நடுவில் வாசுதேவனும் பாமாவும், பின்னால் இவர்கள். சமதரையில் முதல் திருப்பம் கொஞ்சம் அகலமாகப் போனது. இரண்டாவது சரியாக வந்தது. வண்டி தான் சொன்னதைக் கேட்கிறது என்பது இம்மாகுலேற்றின் கைகளுக்குத் தெரிந்தது. அது ஒரு புதுச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் மாஸ்டரின் வாய் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. கைகளும் இடது, வலது என்று பறந்தன. ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு பெரிய மேடு வந்தது. வாசுதேவன் பாதிவரை ஏறினார். பயந்து காலை எடுத்திருக்க வேண்டும். வண்டி நின்று, பின்சில்லு இரண்டும் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கியது. வழியின் நடுவில் அவர்கள். நேரே போனால் மோதவேண்டும். நின்றால் இவளும் புதையவேண்டும். மாஸ்டர் எட்டி ஸ்ரியறிங்கைப் பிடித்தார். இம்மாகுலேற் ஒரு கையால் அவர் கையில் பட்டென்று அடித்தாள்.

அவர் கையை எடுத்துவிட்டார்.

அவள் இடப்பக்கம் ஒடித்தாள், காலை எடுக்கவில்லை. வண்டி சாய்ந்தது. பக்கச்சரிவில் மணல் அருவிபோல வழிந்தது. வாசுதேவனும் பாமாவும் வாயைத் திறந்தபடி வலப்பக்கமாகப் பின்னால் போனார்கள். அடுத்த கணம் வண்டி மேட்டின் உச்சியில் நின்றது. கீழே எத்திசையிலும் மணல். தூரத்தில் முகாமின் கொடிகள். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

மாஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். புருவமெல்லாம் மணல்.

"நீங்கள் சொன்னது ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை," என்றாள் அவள்.

"நான் கத்தினனான்."

"தெரியும். வாய் அசைஞ்சது."

அவர் கீழே பார்த்தார். வழிகாட்டி, வாசுதேவனின் வண்டியைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். பாமா பக்கத்தில் நின்று கணவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் புருவத்து மணலைத் துடைத்தார். பிறகு, "வடிவா ஓடினீர்," என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

முகாமில் கம்பளம் விரித்துத் தாழ்ந்த மேசைகள் போட்டிருந்தார்கள். மேரிசாந்தி கையில் மருதோன்றி போட்டுக்கொண்டு, சாப்பிட முடியாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி திரிந்தாள். சைவ மேசை தனியாகவே இருந்தது. கடலை வடையை நான்கு தரம் போட்டுக்கொண்டு வந்த வாசுதேவன், அகப்பையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. குளிர் வந்தது, ஸ்வெற்றர் கொண்டுவராதவர்கள் மேரிசாந்தியின் கண்ணில் படாமல் நெருப்புக்குப் பக்கத்தில் ஒதுங்கினார்கள். பாவாடைபோன்ற உடுப்பை விரித்துச் சுழன்று ஆடிய அரபு ஆட்டக்காரன் போனபின், கொஞ்சம் அமைதியான வேளையில், இம்மாகுலேற் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் எவ்வளவு தன்மையாச் சொல்லிக் குடுக்கிறியள். எனக்கு மட்டும் ஏன் அப்பிடிக் கத்தினனீங்கள்?"

அவர் ரொட்டியைக் கிழித்துக்கொண்டே யோசித்தார். "நீர் ஸ்ரியறிங்கைப் பிடிச்சா எனக்கு எல்லாம் மறந்து போகுது. பயத்திலை சத்தம்தான் வருகுது."

"ஜீப்பிலையும் பயந்தனீங்கள்தானே? அங்கை ஒரு சத்தத்தையும் காணேல்லை."

"அதிலை சத்தமும் வராமல் போச்சு," என்றார் அவர் உண்மையாகவே. அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார்.

மிச்சத்துக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது, "நாளையிலிருந்து நானே பழக்கிறன்," என்று மாஸ்டர் தாராளமாக அறிவித்தார்.

"வேண்டாம்," என்றாள் இம்மாகுலேற். "நான் பழகத்தான் போறன். ஆனா வேறை ஆளிட்டை."

"மாஸ்டரின்ரை மனுசி வேறை ஆளிட்டைப் பழகினா சனம் என்ன சொல்லும்?"

"கெட்டிக்காரி எண்டு சொல்லும்."

அவருக்குக் கோபம் வந்தது. சில நாள் சாப்பாட்டு மேசையில் உப்பையும் சம்பலையும் பற்றி மட்டும்தான் பேச்சு. ஒரு மாலை இம்மாகுலேற் வேலையிலிருந்து வந்தபோது, அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஓம் பிள்ளை... இல்லை, அவ பயப்பிடமாட்டா... நீ சத்தம் மட்டும் போட்டிடாதை." போனை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "கௌசியைக் கேட்டிருக்கிறன். என்னட்டைப் பழகினவள்தான், இப்ப அவளும் இன்ஸ்ரக்ரர். சனிக்கிழமை வருவாள்."

கௌசி வந்த நாளெல்லாம் மாஸ்டர் வீட்டின் பின்பக்கம் போய், ஒருபோதும் வளராத கத்தரிக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டார். முதல் சோதனையில் இம்மாகுலேற் நடைபாதை விளிம்பில் உரசித் தோற்றுப்போனாள். அன்று மாஸ்டர் கடையில் அவளுக்குப் பிடித்த ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டாம் தரம் பாஸ்.

கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை, பாமா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். கிங்ஸ்டனில் ஒரு தரம் பாதை மாறி, ஆற்றைக் கடந்து, ட்விக்கென்ஹாமில் பின்னால் வந்தவனை ஹோர்ன் அடிக்க விட்டுவிட்டு, இம்மாகுலேற் ஹவுன்ஸ்லோவுக்கு வந்து சேர்ந்தாள். பாமாவின் வீட்டு முன்னால் காரை நிறுத்த நாலைந்து தரம் முன்னும் பின்னும் போகவேண்டியிருந்தது. நின்றது வடிவாகவே நின்றது.

பாமா கதவைத் திறந்து அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மாஸ்டர் எங்கே? பார்க்கிங் தேடறாரா?"

"அவருக்குப் பாடம் இருக்கு, வரேல்லை. நான் தனியத்தான் வந்தனான்," என்றாள் இம்மாகுலேற். உள்ளேயிருந்து சாம்பார் வாசம் வந்தது. அவளுக்கு நல்ல பசி.