கண்டல் மூலையில் கழற்றுகிற ஜக்கெற்

அந்தத் துறையின் வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சொன்னாலும் நம்பமாட்டீர்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் கடலோடு ஒட்டின களப்பொன்றில் இந்தக் கரையில் வீடுகள், அந்தக் கரையில் பள்ளிக்கூடம். றோட்டால் சுற்றிப்போனால் இரண்டு பஸ் மாறவேண்டும். அதில் ஒன்று வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆகவே பிள்ளைகள் படகில்தான் போய்வருவார்கள். துறையை விட்டு வெளிக்கிட்டதும் ஒரு காவல் கொட்டில் இருக்கிறது. படகில் இருக்கிற எல்லாரும் உயிர்காப்பு ஜக்கெற் போட்டிருந்தால்தான் அங்கே வழி விடுவார்கள். நல்ல சட்டம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊரிடம் இருந்தவை ஒரு படகுக்கு மட்டும் காணும். பிள்ளைகளை ஏற்றுகிற படகுகளோ இரண்டு.

நம்முடைய ஆட்களுக்கு மூளைக்கு என்ன பஞ்சமா? முதல் படகு ஜக்கெற்றோடு கொட்டிலைக் கடக்கும். கொஞ்சத் தூரத்தில் கண்டல் மரங்கள் மறைக்கிற ஒரு மூலை. அங்கே எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் கழற்றி, கரையில் உரப்பையோடு நிற்கிற அஸ்வரிடம் எறிவார்கள். அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு துறைக்கு ஓடி இரண்டாம் படகுக்குக் கொடுப்பான். அவர்களும் மூலை வரைக்கும் போட்டிருந்துவிட்டு, வெள்ளை உடுப்புக் கசங்குகிறதென்று கழற்றிவிடுவார்கள். கொட்டிலடியில் தண்ணீர் முழங்காலளவு. மூலைக்கு அப்பால்தான் ஆளை விழுங்குகிற ஓடை. முழங்கால் தண்ணீரில் போட்டுக்கொண்டு ஆழம் வரமுன் கழற்றுகிற சனத்தை நீங்கள் வேறெங்காவது கண்டிருக்கிறீர்களா?

அஸ்னாவுக்கு இதுதான் விளங்கவேயில்லை. அவளுக்குப் பதினைந்து வயது. வாப்பா ஸுஹைர் மோட்டார்சைக்கிளால் விழுந்து வலது கையில் மாவுக்கட்டுப் போட்ட நாளிலிருந்து முதல் படகை அவள்தான் ஓட்டுகிறாள். பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டுமென்று கொட்டிலில் சொன்னதால், வாப்பா கட்டுப்போட்ட கையோடு முன்னுக்கு இருப்பார். விடுமுறையில் ரஜிதன் சேர் என்று ஒருவர் வந்து கரையோரப் பிள்ளைகளுக்குப் படகு ஓட்டப் பழக்கினவர். எஞ்சினின் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டு, நீ விழுந்தால் அது கழன்று எஞ்சின் தானாக நிற்கும்; தண்ணீரில் ஆள் இருந்தால் கிட்டப் போகமுன் எஞ்சினை நிறுத்து; ஜக்கெற்றைக் கரையில் போட்டால் கரையில்தான் கழற்று. இவ்வளவும் அவர் சொன்னது.

"பிறகேன் வாப்பா நாங்க மூலையில கழட்டுறம்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"பின்னால வாற பிள்ளையளுக்கு வேணுமெல்லோ."

"அப்ப எங்களுக்கு?"

"எங்களுக்கென்ன, நாங்க களப்புக்க பிறந்த ஆக்கள்," என்றார் ஸுஹைர். அது என்ன மறுமொழியோ, படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

புலமைப்பரிசில் சோதனை நாள் வந்தது. அஸ்னாவின் தம்பி றிப்னாஸும், இரண்டாம் படகுக்காரர் முத்துலிங்கத்தின் மகள் சிவரூபியும் அன்று சோதனை எழுதவேண்டும். ஐந்தாம் வகுப்பில் ஒருமுறைதான் வரும் சோதனை, பிந்தினால் பிந்தினதுதான். அன்றைக்கென்று பார்த்துச் சோளகக் காற்று விடியவே எழும்பிவிட்டது.

கொட்டிலைக் கடந்து மூலைக்கு வந்தபோது அஸ்னா ஓடையைப் பார்த்தாள். அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. கரையில் வாப்பாவின் தம்பி அஸ்வர் உரப்பையை விரித்துப் பிடித்தபடி நின்றான். றிப்னாஸ் வழக்கம்போலக் கழற்றத் தொடங்கினான்.

"கழட்டாத," என்றாள் அஸ்னா. எஞ்சினை அவள் நிறுத்தவில்லை.

"என்ன மகள் செய்யிறாய்? சாச்சா நிக்கிறான்," என்று வாப்பா திரும்பினார்.

"ஓடையைப் பாருங்கோ வாப்பா. பிள்ளையளை இறக்கிப்போட்டு நானே திரும்பி வந்து ஜக்கெற்றைக் குடுக்கிறன். நேரம் கிடக்கு."

யோசனை நல்லதுதான். ஆனால் அதைக் கரையில் நின்றவனுக்கு யார் சொன்னது? அஸ்வர் பையை ஆட்டி ஆட்டிக் கத்தினது காற்றில் போயிற்று. அவள் சொன்னதும் அப்படியே போயிற்று. போன் நனையுமென்று வாப்பா அதை வீட்டிலே விட்டுவிட்டு வருகிற ஆள். அஸ்வர் துறைக்குப் போய், "பெட்டை ஜக்கெற்றெல்லாத்தையும் கொண்டு போயிட்டாள்," என்று சொல்லியிருக்கிறான். முத்துலிங்கம் என்ன செய்வார்? ஜக்கெற் இல்லாமல் கொட்டில் வழி போகமுடியாது. மகளுக்கோ சோதனை. மற்றப் பிள்ளைகளைத் துறையிலேயே விட்டு, துணைக்கு அஸ்வரையும் ஏற்றிக்கொண்டு, கொட்டிலுக்குத் தெரியாமல் மணல்திட்டுக்கு வெளிப்பக்கத்தால் படகை விட்டார்.

அக்கரையில் றிப்னாஸையும் மற்றப் பிள்ளைகளையும் இறக்கி எல்லாருடைய ஜக்கெற்றையும் வாங்கிக்கொண்டு திரும்பினபோதுதான் அஸ்னா அதைக் கண்டாள். திட்டுக்கு வெளியே முத்துலிங்கத்தின் படகு, எஞ்சின் சத்தமில்லாமல், அலைக்குப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு முகத்துவாரப் பக்கம் இழுபட்டுப் போனது. முத்துலிங்கம் பின்னுக்குக் குனிந்து எஞ்சின் காத்தாடியில் சுற்றின வலையை வெட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சின்ன வெள்ளை உடுப்பு ஒன்று.

இவர்கள் ஏன் அந்தப் பக்கத்தால் வந்தார்கள்? காத்திருக்கலாமே. நான் வருவேனென்று தெரியாதா? தெரியாதுதான், எப்படித் தெரியும்? அப்படியானால் இது என்னால்தானா?

"வாப்பா, என்ன செய்ய?"

இருபது வருடமாகக் கடலிலும் களப்பிலும் திரிந்த மனுசன், கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "தெரியேல்ல மகள்," என்றார் கடைசியில். "நீ பழகினது போலச் செய்."

அவள் அலைக்கு முகம் கொடுத்துச் சுற்றிப்போனாள். கிட்டப் போனதும் எஞ்சினை நிறுத்தினாள். வாப்பா இடது கையால் கயிற்றை எறிந்தார், முதல் தரம் எட்டவில்லை, இரண்டாம் தரம் அஸ்வர் பிடித்தான். கயிறு இறுகமுன் அஸ்னா றிப்னாஸின் ஜக்கெற்றை எறிந்து, "முதல்ல பிள்ளைக்குப் போடுங்கோ, பிறகு கட்டுங்கோ," என்றாள். முத்துலிங்கம் மகளுக்குப் போட்டுக் கொழுக்கியை மாட்டிக் கையை எடுக்கிறார், ஒரு அலை வந்து படகைச் சரித்தது. சிவரூபி பென்சில் பெட்டியோடு தண்ணீருக்குள் போய்விட்டாள்.

போனவள் உடனே மேலே வந்தாள். செம்மஞ்சள் ஜக்கெற் அவளைத் தூக்கிப் பிடித்தது. அவள் இருமிக்கொண்டு கிடந்தாள். முத்துலிங்கம் குப்புறக் கிடந்து அவளை வாரி எடுத்தார். எல்லாம் கண்மூடித் திறக்கிற நேரம்தான், அஸ்னாவுக்கோ அது முடிகிற மாதிரியே இல்லை.

கட்டி இழுத்து அக்கரை சேர்ந்தார்கள். கால் மணலில் பட்டதும் அஸ்வருக்கு வாய் வந்துவிட்டது.

"எல்லாம் உன்னாலதான். மூலையில தந்திருந்தா இந்த அண்ணை வெளிப்பக்கத்தால வந்திருப்பாரோ? பிள்ளை விழுந்திருக்குமோ?"

"அவளைப் பேசாத அஸ்வர்," என்றார் முத்துலிங்கம். "மூலையில தந்திருந்தா என்ர பிள்ளை அதைக் கழட்டிப்போட்டுத்தான் ஓடைக்க வந்திருப்பாள்."

இரண்டும் உண்மை. அஸ்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு உண்மை ஒன்றாக வந்தால் எதைப் பிடிப்பதென்று ரஜிதன் சேர் சொல்லித்தரவில்லை.

"வாப்பா, நான் செய்தது சரியோ பிழையோ?"

"விளங்கேல்ல மகள்," என்றார் ஸுஹைர். "சத்தியமா எனக்கு விளங்கேல்ல."

பள்ளிக்கூடத்தில் முதல் மணி கேட்டது. அஸ்வர் இடுப்பில் செருகியிருந்த உரப்பையை எடுத்து விரித்தான். பழக்கம் வேறென்ன செய்யும். "தா பிள்ளை, கழட்டு. இதோட உள்ள விடமாட்டினம்."

சிவரூபி கொழுக்கியைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். தகப்பன் குனிந்து கழற்றப் போனார், அவருடைய கையைத் தட்டிவிட்டாள். நனைந்த பின்னலிலிருந்து தண்ணீர் ஒழுக, பல் அடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் கழட்டமாட்டன். அஸ்னா அக்கா சொன்னாத்தான் கழட்டுவன்."

மூன்று பெரிய மனிதர்களும் அஸ்னாவைப் பார்த்தார்கள். உரப்பையைப் பிடித்தவன், மகளைப் பறிகொடுக்கப் பார்த்தவர், கட்டுப்போட்ட கைக்காரர், எல்லாரும். அவளுக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. சரியா பிழையா என்று கேட்ட கேள்விக்கு இன்னும் மறுமொழி வரவில்லை, அதற்குள் அவளிடமே கேட்கிறார்கள்.

அவள் குனிந்து, தளர்ந்திருந்த கொழுக்கியை இறுக்கிவிட்டாள்.

"போட்டுக்கொண்டே போ. ஆராவது கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லு."

முத்துலிங்கம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கரையில் காத்துநின்ற றிப்னாஸ் தன் பென்சில்களில் பாதியை அவளுக்குக் கொடுத்தபடி கூட ஓடினான். வாசலில் நின்ற ரீச்சர் அந்தச் செம்மஞ்சள் ஜக்கெற்றைப் பார்த்தார், பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேளாமல் உள்ளே விட்டார். அஸ்வர் பையை விரித்தபடியே நின்றான்.

"சாச்சா," என்றாள் அஸ்னா, "நாளைக்கு என்ன செய்யிறது?"

அவன் வெறும் உரப்பையை மடிக்கத் தொடங்கினான்.